நாலு ஜிபி மடிக்கணினி போதும்

குற்றாலச் சாரல் எட்டுகிற தூரத்திலேயே மென்பொருளும் எழுதுகிறார்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் இயங்குகிறது. பிளஸ் டூ முடித்தவர்களையே எடுத்துப் பயிற்சி தருவதும் அவர்கள் வழக்கம். இதைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைக்கும் புரோகிராம் எழுத ஆசை வரும். வீட்டில் இருப்பதோ நாலு ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி.

எல்லாரும் விஎஸ் கோட் என்ற எடிட்டரைப் போடச் சொல்வார்கள். 2015-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, அருமையானதுதான். ஆனால் அதற்குள் குரோமியம் என்ற உலாவியே உட்கார்ந்திருக்கிறது. கூடவே யூடியூப் பாடமும் ஓடினால் சின்ன மெஷின் திணறும். என் ஓட்டு 'ஜீனி' எடிட்டருக்கு. இலவசம், எடையும் குறைவு.

முதலில் பைத்தான் என்ற நிரல்மொழியை நிறுவுங்கள். விண்டோஸ் என்றால் 'பாத்'தில் சேர்க்கும் கட்டத்தில் டிக் அடித்துவிடுங்கள். பலர் இடறுவது அங்கேதான். பிறகு ஜீனியையும் நிறுவி, அதன் அமைப்புகளில் டேப்புக்குப் பதிலாக நாலு இடைவெளி என்று வையுங்கள். இரண்டும் கலந்தால் பைத்தான் முறைத்துக்கொள்ளும். எழுதிச் சேமித்து எஃப்5 அழுத்தினால் ஓடும். 'குற்றாலம்' என்று தமிழிலேயே அச்சிடச் சொல்லிப் பாருங்கள். விண்டோஸின் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாக வந்தால் பதற வேண்டாம். அது எழுத்துருக் கோளாறு, உங்கள் புரோகிராமின் தப்பு இல்லை.