பட்டுச் சுரப்பி எங்கே போனது?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அப்படியொரு எட்டாம் வகுப்பு மாணவி கேட்டாள்: "நூல் விட்ட சுரப்பி, அந்துப்பூச்சிக்குள்ள எங்கீங்க சார் இருக்கும்?" நோயாலும் காயத்தாலும்தான் செல்கள் சாகும் என்று அன்றுதான் நடத்தியிருந்தேன். பதில் தெரியவில்லை.

இரவு தேடிப் படித்தேன். அந்துப்பூச்சியில் அந்தச் சுரப்பியே இல்லை. புழுவின் உடலை அடைத்துக்கொண்டிருந்த அது, கூடு கட்டி முடித்துக் கூட்டுப்புழுவானதும் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடுகிறது. நோயில்லை, காயமில்லை, செல்கள் தம்மைத் தாமே ஒழுங்காகச் சிதைத்துக்கொள்கின்றன. 'திட்டமிட்ட செல் இறப்பு' என்ற பெயரே, பட்டு அந்துப்பூச்சியின் தசைகளை ஆராய்ந்து லாக்‌ஷின், வில்லியம்ஸ் இருவரும் 1964இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியதுதான். தலைப்பிரட்டையின் வால் மறைவதும் இப்படித்தான். கருவில் துடுப்புபோல இருந்த நம் கை, விரல்களாகப் பிரிந்ததும் இப்படித்தான்; சாக்பீஸ் பிடித்த விரல்களைக் காட்டியே இதை நடத்தலாம்.

மறுநாள், "நேத்து நான் சொன்னது தப்பு" என்றுதான் பாடத்தைத் தொடங்கினேன். அவள் விடவில்லை: "சாகச் சொல்றது யாருங்க சார்?" புழுவைத் தோலுரிக்க வைக்கும் அதே எக்டைசோன் ஹார்மோன்தான் என்றேன். இம்முறை படித்துவிட்டுப் போயிருந்தேன்.