தெருவே நமக்குச் சங்கம்

(ராயப்பேட்டைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



ஏழைகள் வாழும் தெருக்கள் எப்படி முன்னுக்கு வருவது என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது. இதற்கு அநேகர், "பணம் வேண்டும், பெரிய மனிதர் தயவு வேண்டும், சர்க்கார் மனம் வைக்க வேண்டும்" என்று சொல்லுவார்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. அதற்கு வேண்டிய முக்கியமான சாதனம் உங்கள் தெருவிலேயே வெகு காலமாய் இருந்து வருகின்றது. அதைச் சாமிக்கும் ஜாதிக்கும் விட்டுவிட்டு, நீங்கள் வெறுங்கையோடு நிற்கின்றீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஆடி மாதம் வருகிறது. அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும் என்று நாலு பேர் கிளம்புகிறார்கள். இரண்டே நாளில் வீட்டுக்கு வீடு பணம் வசூலாகிவிடுகின்றது. எந்த வீட்டில் யார் சம்பாதிக்கிறார், எந்த வீட்டில் நெருக்கடி, யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதெல்லாம் அந்த நாலு பேருக்கும் மனப்பாடம். பந்தல்காரர், மைக் செட்டுக்காரர், சமையல்காரர் எல்லோரும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறார்கள். ஆனால் அதே தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு ஒரு மாதம் நாறினால், அதே நாலு பேர் எங்கே? ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோனால் அதைக் கேட்க யார் இருக்கிறார்கள்? கூழுக்குச் சேருகின்ற கூட்டம் சாக்கடைக்குச் சேராதா என்று கேட்கின்றேன்.

கைப்பேசி வந்தும் கதை அதுதான். தெருவுக்கொரு குழு வைத்திருக்கிறோம். அதில் காலையில் சாமி படம், மாலையில் ராசி பலன். மருத்துவமனையில் ரத்தம் வேண்டும் என்ற செய்தி இவற்றின் அடியில் புதைந்து கிடக்கின்றது.

இது நம்மால் ஆகிற காரியமா என்று சிலர் கேட்கலாம். இதே ராயப்பேட்டையில் ஆன காரியந்தான். வைத்தியத் தொழில் செய்து வந்த பண்டிதர் அயோத்திதாசர், 1898-ல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907-ல் இங்கிருந்து "ஒரு பைசாத் தமிழன்" என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். பெயரே விலையைச் சொல்லும். ராஜாவும் ஜமீன்தாரும் அதைத் தாங்கவில்லை. கோலார் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளிகளும், பிழைப்புக்காக ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனவர்களும் அதற்கு வாசகர்களாய் இருந்தார்கள். தீண்டக்கூடாதவர்கள் என்று தள்ளப்பட்ட மக்கள், ஒருவரை ஒருவர் அறிந்துகொண்ட பலத்தால் கடல் கடந்தும் ஒரு சங்கமானார்கள். அவர் புத்த மார்க்கத்தைச் சொன்னார். நாம் எந்த மார்க்கமும் வேண்டாம் என்கிறோம். அது வேறு சங்கதி. பிறர் தயவுக்குக் காத்திராமல் தம் மக்களையே முதலாக வைத்துக் காரியம் செய்தார் என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நிற்க, இந்தப் பலத்தின் மதிப்பு அது போன பிறகுதான் பலருக்குத் தெரிகின்றது. 2000-ஆம் ஆண்டு முதல் நகரத்தின் நடுவே இருந்த குடிசைவாசிகள் ஆயிரக்கணக்காய் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். குடிசைக்குப் பதில் கட்டடம் கிடைத்தது உண்மை. ஆனால் போனது என்ன? வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை தூரமாயிற்று. பிள்ளைகளில் பலர் படிப்பை நிறுத்தினார்கள். அவசரத்துக்கு நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுத்தவளும், குழந்தையைப் பார்த்துக்கொண்ட கிழவியும் வேறு வேறு கட்டடத்துக்குச் சிதறினார்கள். சுவருக்குக் கணக்குப் போட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கணக்குப் போடவில்லை. தெரு ஒன்றாய் நின்றிருந்தால், "எங்களை அருகிலேயே குடியேற்று, ஒன்றாகவே வை" என்று ஒரே குரலாய்க் கேட்டிருக்கலாம். ஒன்றாய் நிற்பதற்கு நோட்டீஸ் வந்த பிறகா யோசிப்பது?

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மனு எழுதத் தெரிந்தவர் யார், ஆட்டோ ஓட்டுகிறவர் யார், 1911 முதல் இருந்துவரும் நம் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் எந்த வாசலில் என்ன சீட்டு வாங்க வேண்டும் என்று அறிந்தவர் யார், மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரக் கூடியவர் யார் என்று எழுதுங்கள். 2022-ல் ஏற்பட்ட பகுதி சபைகளுக்குத் தனித்தனியாய்ப் போகாதீர்கள், தெருவாய்ப் போங்கள்.

அதில் இரண்டு நிபந்தனை. ஜாதிப் பெயர் எந்த வரியிலும் வரக்கூடாது. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் சுவரோடு சுவராய் வாழும் ராயப்பேட்டையில் ஜாதிச் சங்கம் வைப்பது, தெருவை நாலாய் வெட்டி நாலு தரகருக்கு விற்பதாகும். மற்றொன்று, பொறுப்பில் பாதி பெண்களிடம் இருக்க வேண்டும். தண்ணீர் எந்த நேரம் வரும், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெருவில் அவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்தவர்களைப் பின்னால் உட்கார வைத்துத் தெரியாதவர்கள் தலைமை வகிப்பது என்ன நியாயம்?

தோழர்களே! நான் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வரும் ஆடியில் வசூலாகும் பணத்தையும், அதற்கு அலையும் கால்களையும் எண்ணிப் பாருங்கள். அதில் பாதியாவது தெருவுக்கு ஆகட்டும் என்று உங்கள் அறிவுக்குப் பட்டால், நாளைக்கே அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்குங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.