கணினிக்கும் ஒட்டுக் கட்டலாம்

 

கணினி பழுது பார்ப்பது என் தொழில். தமிழின் பெருமையைப் பேச இம்மேடையில் என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். நான் எனக்குத் தெரிந்ததைப் பேசிவிட்டுப் போகிறேன்.

நம் பள்ளி அலுவலகக் கணினியின் வன்தட்டு, அதாவது ஹார்டிஸ்க், 500 ஜிபி. அது நிரம்பிவிட்டது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? பழைய சேர்க்கைப் பதிவேடுகளின் படங்கள். உங்கள் தாத்தா எந்த வருஷம் முதலாம் வகுப்பில் சேர்ந்தார், அவருடைய அப்பா எந்த லயத்தில் குடியிருந்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. அசல் ஏடுகளில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாள அட்டைக்கும் அலைந்தவர்களுக்கு இப்படிப்பட்ட ஒரு வரி எவ்வளவு பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பெரிய தட்டு ஒன்று வாங்கி, எல்லாத்தையும் காப்பி பண்ணிப் போட்டாப் போச்சு" என்பார்கள். அப்படிச் செய்தால் படங்கள் போய்ச் சேரும். கணினி உயிர் பெறாது. கணினியை எழுப்பிவிடும் பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமல் தட்டில் தனியாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகள் சிலவற்றைத் தொடவும் முடியாது. ஆகவே தட்டு முழுவதையும், மறைந்திருப்பது உட்பட, உள்ளது உள்ளபடி படியெடுக்க வேண்டும். இதற்குப் பெயர் குளோன்.

இந்தச் சொல் தோட்டத்துக்குப் புதிதா? இன்று எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆனாலும் பால் வெட்டிய மூத்தவர்களுக்கு 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' மறந்திருக்காது. 1925இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தந்த குளோன் அது. விதை போட்டால் மரத்துக்கு மரம் குணம் மாறும். தாய் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றின் பட்டையில் ஒட்டுக் கட்டினால் தாயைப் போலவே வரும். நல்ல பால் மட்டுமா வந்தது? பிங்க் நோய்க்கு இடம் கொடுக்கும் குணமும் கூடவே வந்தது. வன்தட்டும் அப்படித்தான். பழையதில் வைரஸ் இருந்தால் புதியதிலும் இருக்கும். முதலில் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், இழக்கவே கூடாதவற்றை மூன்றாவது ஓர் இடத்தில் தனியே எடுத்து வையுங்கள். பழைய தட்டு 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் சாதாரணமாகக் குளோன் செய்ய முயலாதீர்கள். அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்டவற்றுக்குப் பிறகு திரும்பி வரும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, பூட்டைக் கழற்றிவிடுங்கள்.

குளோனுக்கு நான் பயன்படுத்துவது குளோன்சில்லா. தைவானில் உருவானது, காசு இல்லை. பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். புதிய தட்டு பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எதிலிருந்து எதற்கு என்று அது கேட்கும். தட்டுகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒன்றுபோலவே தெரியும். திசையை மாற்றிச் சொல்லிவிட்டால், புதிய தட்டின் வெறுமை பழைய தட்டின்மேல் ஏறிவிடும். பதிவேடும் போச்சு, தாத்தாவும் போச்சு. ஆகவே வேலை தொடங்குமுன் இரண்டு தட்டின் அளவையும் வரிசை எண்ணையும் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். திரையில் தெரிவதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தில் வேறொருவரையும் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளாக இருந்தாலும் சரி. அது திரும்பத் திரும்பக் கேட்பது நம் நன்மைக்கே. எரிச்சல்பட்டு 'ஆம், ஆம்' என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள்.

நிறைந்த 500 ஜிபி, யுஎஸ்பி 3 வழியாக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பழைய யுஎஸ்பி 2 என்றால் நான்கு மணி நேரம்கூட ஆகும். இடி மின்னல் நாளில் தொடங்க வேண்டாம்.

முடிந்ததும் பழைய தட்டைக் கழற்றிவிட்டுத்தான் கணினியை முதல்முறை தொடங்க வேண்டும். பெரட்டில் ஒரே பெயருக்கு இரண்டு பேர் கை தூக்கினால் கிராணி என்ன செய்வார்? விண்டோசும் அப்படியே குழம்பி, ஒரு தட்டை ஒதுக்கிவிடும்.

பிறகு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். 1 டிபி தட்டு, 931 ஜிபி என்றே காட்டும். கடைக்காரரைத் திட்டாதீர்கள், அவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது. இன்னொன்று, கூடுதல் இடம் பெரும்பாலும் ஒதுக்கப்படாமல் சும்மா கிடக்கும். சி பகுதியை நாம்தான் நீட்ட வேண்டும். நடுவில் மீட்புப் பகுதி ஒன்று வேலிபோல நின்றால், ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு நீட்டலாம். 2 டிபிக்கு மேல் வாங்குவோர், பழைய எம்பிஆர் முறையை ஜிபிடிக்கு மாற்றினால்தான் மீதி இடத்தைப் பயன்படுத்த முடியும்.

ஒட்டுக் கட்டியவர்கள் என்ன செய்வார்கள்? சுமார் மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து, மொட்டுப் பட்டையை லேசாகக் கீறிப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால்தான் நாற்றின் தலையை வெட்டுவார்கள். கணினி எழுந்துவிட்டது என்பதற்காகப் பழைய தட்டை அன்றைக்கே அழித்துவிடாதீர்கள். கோப்புகளைத் திறந்து பாருங்கள், அச்சடித்துப் பாருங்கள். சில வாரம் ஓடட்டும். நம் அலுவலகத்தின் பழைய தட்டு, தேதி எழுதிய உறைக்குள் இரும்பு அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் இப்போதைக்குத் தொடக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகள் பரிசு மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கணினி பற்றிக் கேள்வி இருந்தால், தேநீர் நேரத்தில் தாராளமாகக் கேளுங்கள்.