கண்ணாடிக்கு முன் பூச்சடை: ஸ்டுடியோவில் எடுத்த குழந்தைப் படங்கள்

குழந்தையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து வைப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பல தலைமுறைகளாக நடந்துவந்த வழக்கம். சென்னையில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் படம் துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் உரிய சமாசாரம். நடுத்தர வீட்டுக் குழந்தை கேமராவுக்கு முன்னால் வந்து நின்றது இருபதாம் நூற்றாண்டில், சிற்றூர்க் கடைத்தெருக்களிலும் ஸ்டுடியோ வந்த பிறகு. அப்போதும் படங்கள் மிகக் குறைவு. ஐந்து வயதுக்குள் ஒரு குழந்தைக்கு நாலைந்து படம் இருந்தால் அது வசதியான வீடு. படங்கள் குறைவு என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கலையின் மற்ற குணங்கள் எல்லாம் அதிலிருந்துதான் பிறந்தன.

எந்தெந்தச் சமயத்தில் படம் எடுப்பது என்பதில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாவது, குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கும் பருவம். மேசைமேல் ஜமுக்காளமோ வெல்வெட்டோ விரித்து, அரைஞாண் ஒன்றே உடையாகக் கிடத்தி எடுப்பார்கள். அடுத்தது ஆண்டு நிறைவு. பிறகு மொட்டைக்கு முன் ஒன்று, காதுகுத்துக்குப் பின் ஒன்று. ஆண் குழந்தைக்கு மொட்டை போடுவதற்கு முன் சடை பின்னிப் பூ வைத்து, பாவாடை சட்டை போட்டுப் பெண்ணாக்கி ஒரு படம் எடுத்துவிடுவது பரவலான பழக்கம். பிற்காலத்தில் அந்தப் பையன் பெரிய அதிகாரியாகி அந்தப் படத்தை ஒளித்துவைக்கப் பார்ப்பதும் அதே அளவு பரவலான பழக்கம்.

பிறந்தநாள் படம் என்று வீட்டில் சொல்லும் படம் பெரும்பாலும் பிறந்தநாளன்று எடுத்ததாக இராது. பிறந்தநாளைத் தமிழ் மாதமும் நட்சத்திரமும் பார்த்துக் கொண்டாடும் வீடுகளில் அது ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதியில் முன்பின்னாக நகரும். அன்றைக்கு ஹோமம் அல்லது கோயில் அர்ச்சனை, சொந்தக்காரர் வருகை, எண்ணெய்க் குளியல், அதனால் வந்த அழுகை. இத்தனைக்கும் நடுவில் ஸ்டுடியோவுக்கு நேரம் ஏது? குழந்தை தெளிந்த ஒரு நாளில், அதே புதுச்சட்டையை மறுபடி மாட்டிக் கூட்டிப்போவார்கள். ஆகவே படத்தின் தேதியை வைத்துப் பிறந்தநாளைக் கணக்கிடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறங்களும் ஏமாற்றும். அந்தக் காலத்துத் தகடுகளிலும் பிலிமிலும் ஒரு பெரிய வகை, சிவப்பு ஒளியை அறவே உணராதது. அரக்குச் சிவப்புப் பட்டுப்பாவாடை அதில் கறுப்பாக விழும். நெற்றிக் குங்குமமும் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டும் ஒரே கறுப்பாகத் தெரியும். பாட்டி “சிவப்புப் பாவாடை” என்கிறார், படமோ கறுப்பு என்கிறது. பாட்டி சொல்வதையே நம்பலாம்.

இந்தப் படங்களில் எல்லாம் தலையாயது, பூ தைத்த பெண் குழந்தையைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தி எடுத்த படம். முகம் கேமராவைப் பார்க்கும். முதுகில் தொங்கும் பூச்சடை கண்ணாடியில் தெரியும். இதற்கு ஈடாக வேறொரு குழந்தைப் படத்தைச் சொல்ல முடியாது. வேறு படங்களில் வரும் சர்க்கஸ் குதிரையும் பாதி நிலாவும் காகிதத் தோட்டமும் இதற்குப் பல படி கீழே.

பூ தைப்பது கோடைக்காலத்து வேலை. சித்திரை, வைகாசியில் மல்லிகை மலிவு, பள்ளிக்கூடமும் விடுமுறை. முடி குட்டையாக இருந்தால் சவுரி சேர்த்து இறுகப் பின்னுவார்கள். தலையில் ராக்கொடி, நெற்றியில் சுட்டி, நுனியில் குஞ்சலம். மொட்டுகளைப் பின்னலிலேயே ஊசி நூலால் தைப்பது ஒரு முறை. சடையின் அகலத்துக்கு வாழைப்பட்டையை நறுக்கி, அதில் வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டு பிறகு சடையோடு சேர்த்துக் கட்டுவது இன்னொரு முறை. குழந்தைக்கு இரண்டாவது முறைதான் கருணை, ஏனென்றால் தைக்கும் நேரமெல்லாம் அது ஓடி விளையாடலாம். நடுநடுவே கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வைத்துக் கட்டம் போடுவார்கள். தாழம்பூ மடல்களை மடித்துத் தைப்பது தனிக் கைத்திறன்.

காலையில் வாங்கிய மொட்டு அந்தி சாயும் வேளையில் விரிந்துவிடும். விரிந்தால் வரிசை குலைந்துபோகும். மொட்டாக இருக்கும்போதுதான் கட்டமும் கோடும் துலங்கும். ஆகவே மத்தியானத்துக்குள் தைத்து முடித்து, மாலை நாலு மணிக்குள் ஸ்டுடியோவில் நிற்க வேண்டும். அதுவரை குழந்தை எதன்மேலும் சாயக்கூடாது, படுக்கக்கூடாது. ரிக்‌ஷாவிலும் முதுகு படாமல் முன்னால் நகர்ந்தே உட்கார வேண்டும். படத்தில் பல சிறுமிகள் உம்மென்று இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

அதன் பிறகு ஸ்டுடியோக்காரரின் பாடு. குழந்தை கண்ணாடிக்கு நேர் எதிராக முதுகைக் காட்டி நின்றால் அதன் உடம்பே சடையின் பிம்பத்தை மறைத்துவிடும். சற்று ஒருக்களித்து நிறுத்த வேண்டும். அதிகம் திருப்பினால் முகம் கேமராவை விட்டு விலகும், குறைவாகத் திருப்பினால் சடை தெரியாது. கண்ணாடியின் கோணமும் தப்பக்கூடாது. தப்பினால் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்டுடியோக்காரரும், ஓரத்தில் கையில் பிஸ்கட்டோடு நிற்கும் அப்பாவும் படத்துக்குள் வந்துவிடுவார்கள். அப்படி வந்துவிட்ட அப்பாக்கள் பழைய ஆல்பங்களில் நிறையவே இருக்கிறார்கள்.

கண்ணாடியில் தெரியும் பொருள் கண்ணாடியின் பரப்பில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். லென்சுக்கு அப்படி இல்லை. சடை கண்ணாடிக்கு 1 அடி முன்னால் இருந்தால் அதன் பிம்பம் கண்ணாடிக்கு 1 அடி பின்னால் இருக்கிறது. அதாவது உண்மையான சடைக்கும் பிம்பச் சடைக்கும் நடுவே 2 அடி தூரம். முகத்துக்குக் கூர்மை வைத்தால் சடை மங்கும், சடைக்கு வைத்தால் முகம் மங்கும். இரண்டுக்கும் நடுவில் கூர்மையை வைத்து, லென்சின் துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்க வேண்டும். துவாரம் சுருங்கினால் வெளிச்சம் குறையும், வெளிச்சம் குறைந்தால் நேரம் நீளும். காலையிலிருந்து சாயாமல் நின்ற ஐந்து வயதுக் குழந்தை, இன்னும் அரை விநாடியோ ஒரு விநாடியோ அசையாமல் நிற்க வேண்டும். மறுபடியும் சொல்லத் தக்கது: கூர்மை வேண்டுமென்றால் துவாரம் சிறுக்க வேண்டும், துவாரம் சிறுத்தால் குழந்தை அசையக்கூடாது.

விளக்கும் தொல்லை தரும். முகத்துக்கு அடிக்கும் விளக்கு முன்னாலிருந்து வருகிறது. சடை இருப்பதோ பின்னால், நிழலில். கண்ணாடிப் பக்கத்திலிருந்து முதுகின்மேல் விழும்படி இன்னொரு விளக்கு வைக்க வேண்டும். அந்த விளக்கு கண்ணாடியில் தெரியவும் கூடாது. வெள்ளை மொட்டு, கறுப்புக் கூந்தல், நடுநிறத்து முகம் மூன்றும் ஒரே தகட்டில் விழ வேண்டும். மொட்டு வெளுத்துப்போய் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிட்டால் தைத்தவர் உழைப்பு வீண். நல்ல ஸ்டுடியோக்காரர் மொட்டுக்குத்தான் கணக்கு வைப்பார். முகத்தை நெகட்டிவில் பென்சிலால் சரிசெய்துகொள்ளலாம், மொட்டு வரிசையைச் சரிசெய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இந்தப் படத்தை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பதற்குக் காரணம், அதில் இல்லாத ஒருவரையும் அது காட்டுவதுதான். தைத்த அம்மாவோ அத்தையோ பக்கத்து வீட்டு மாமியோ படத்தில் நிற்பதில்லை. அவர்கள் கைவேலை மட்டும் கண்ணாடியில் நிற்கிறது. இவ்வுரையாளரின் குடும்பத்தில் உள்ள ஒரு கண்ணாடிப் படத்தில், சடையின் நடுவே ஒரு வரிசையில் ஒரு மொட்டு மட்டும் இல்லை; வழியில் எங்கோ உதிர்ந்திருக்கிறது. படம் மாட்டியிருந்த கூடத்துக்கு யார் வந்தாலும், தைத்த அத்தை குழந்தையின் முகத்தைக் காட்டியதே கிடையாது. அந்த இடைவெளியைக் காட்டி, அது தன் தவறு இல்லை, ரிக்‌ஷாக்காரர் குலுக்கிக் குலுக்கி ஓட்டியதுதான் என்று விளக்குவார். சரியான ரசனை அது.

வெளியூர், பொருட்காட்சி என்று போன இடங்களின் படங்கள் இரண்டாம் வரிசையைச் சேர்ந்தவை. சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியிலும் ஊர்த் திருவிழாக்களிலும் தட்டியால் கட்டிய தற்காலிக ஸ்டுடியோக்கள் இருந்தன. அட்டையில் வரைந்த மோட்டார் கார், விமானம், உட்காரத் தக்க பிறைநிலா. வெளிச்சம் கடுமை, முகம் தட்டை, குழந்தை மட்டும் ஆனந்தமாக இருக்கும். பெட்டிக் கேமராவும் வந்தது. பரோடாவில் தயாரான ஆக்‌ஃபா கிளிக் 3 என்ற மலிவான கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம் எடுக்கலாம். ஊட்டியில் 1960-இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் காகிதமும் தயாரித்தது. இவற்றின் புண்ணியத்தில் மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்கும் குழந்தைகள் எல்லா ஆல்பத்திலும் சேர்ந்தார்கள். சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செத்த காலேஜ், விலங்குக் காட்சிசாலைக்கு உயிர் காலேஜ் என்று பெயர். உயிர் காலேஜ் 1985-இல் வண்டலூரில் திறக்கப்படும் முன்பு சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பழைய இடத்துக் கூண்டுகளுக்கு முன் நிற்கும் குழந்தைகளின் படம் வீட்டில் இருந்தால், அது நகரத்தின் வரலாற்றுக்கும் சான்று.

பள்ளியில் சேர்க்கும் விஷயத்தில் ஆண்டு நிறைவுப் படத்துக்கு வேறொரு பயன் உண்டு. பிறப்புச் சான்று இல்லாத காலத்தில், கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொள்வார். பிறந்த தேதி கேட்டால் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதி எழுதப்படும். பள்ளிப் பதிவேட்டுப் பிறந்தநாளும் வீட்டுப் பிறந்தநாளும் பலருக்கு இன்றும் வேறாக இருப்பது இதனால்தான். ஆண்டு நிறைவுப் படத்தின் பின்புறம் தாத்தா எழுதிவைத்த நட்சத்திரமும் மாதமுமே அந்த வழக்கில் நம்பத் தக்க சாட்சி. விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்து எழுதவைக்கும் காட்சிக்குப் பழைய படம் கிடைப்பது அரிது. அது வீட்டிலோ கோயிலிலோ நடந்தது, கேமராவோ ஸ்டுடியோவில் இருந்தது.

வகுப்புப் படம் எல்லோருக்கும் தெரிந்தது. நடுவில் ஆசிரியர், தரையில் குட்டைப் பிள்ளைகள், பெஞ்சில் அடுத்த உயரம், முன்னால் ஒரு சிலேட்டில் வகுப்பும் ஆண்டும். காசு கட்டாத பிள்ளையும் அதில் நிற்கும், பிரதி மட்டும் அதன் வீட்டுக்கு வராது. கலையாக அதில் சொல்ல அதிகம் இல்லை.

இன்றைய நாகரிகம் வேறு. முதல் பிறந்தநாளுக்கு ‘தீம்’ வைத்துப் படம் எடுக்கிறார்கள். பஞ்சு மேகம், வெளிநாட்டுக் கூடை, முதுகில் இறக்கை. குழந்தையைக் கேக்கின்மேல் உட்காரவைத்து அப்பிக்கொள்ளச் செய்வது ஒரு வகை. அந்தப் பொருள் எதுவும் குழந்தையின் வீட்டைச் சேர்ந்தது கிடையாது. அடுத்த வாரம் அதே இறக்கை வேறொரு குழந்தையின் முதுகில் இருக்கும். பழைய ஸ்டுடியோவிலும் மரக்குதிரை பொதுச்சொத்துதான் என்று வாதிடலாம். வாதம் சரியே. ஆனால் சடையும் பூவும் வீட்டிலிருந்து வந்தன. கைப்பேசியில் நாள்தோறும் எடுத்துத் தள்ளும் படங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவற்றை எடுத்தவர்களே திரும்பப் பார்ப்பதில்லை.

இருந்தாலும் கண்ணாடிப் படத்தைக் கைப்பேசியிலேயே எடுக்கலாம். அதன் லென்ஸ் மிகச் சிறியது ஆகையால் முகமும் பிம்பமும் ஒருசேரக் கூர்மையாக விழும். பழைய ஸ்டுடியோக்காரர் பட்ட பாட்டில் பாதி இப்போது இல்லை. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது: சடைக்குத் தனி வெளிச்சம் வேண்டும், பிளாஷ் போடக் கூடாது, குழந்தையை ஒருக்களித்து நிறுத்த வேண்டும், அந்திக்குள் எடுக்க வேண்டும். கிழக்கு ஜன்னலுக்கு அருகில் பீரோக் கண்ணாடி இருக்கும் வீடு என்றால் மாலை நாலு மணி வெளிச்சம் மெத்தென்று விழும்.

பழைய படங்களைக் காப்பது கடைசி விஷயம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் தேங்கிக் கிடந்த 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடி மின்வடிவில் சேமித்திருக்கிறார்கள். வீட்டில் உள்ளதை வீட்டார்தான் காக்க வேண்டும். ஹைப்போ என்ற ரசாயனம் போகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படம் பல பத்தாண்டு தாங்கும். சரியாகக் கழுவாதது பழுப்பேறும். 1970கள், 80களின் வண்ணப் படங்கள் இருட்டில் பூட்டிவைத்தாலும் நீலச் சாயம் மங்கிச் செம்மை ஏறிவிடும். ஆகவே முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை அவைதான், கறுப்பு வெள்ளை காத்திருக்கும். பிளாஸ்டிக் தாளும் பசையும் உள்ள ஒட்டும் ஆல்பங்களிலிருந்து படங்களை மெல்ல எடுத்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்வது நல்லது. பெயரும் வயதும் பின்புறத்தில் எழுதுவதற்கு மென்மையான பென்சில் போதும். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தடம் விழச் செய்யும். ஸ்கேன் செய்யும்போது பின்புறத்தையும் சேர்த்துச் செய்ய வேண்டும், நட்சத்திரமும் ஸ்டுடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கின்றன. பூச்சடைப் படமாக இருந்தால், தைத்தவர் பெயரையும் அதே இடத்தில் எழுதி வைக்கலாம்.