சாவி யார் கையில்?



விளைநிலத்தைத் தனியார் கையிலிருந்து ஊர்ப் பொறுப்புக்கு மாற்ற வேண்டும் என்று யாராவது வாயெடுத்தால், "அதைத்தான் பூதானத்தில் பார்த்தோமே" என்ற பதில் உடனே வரும். நியாயமான பதில்தான். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமற்ற தலித் குடும்பங்கள் காந்தியின் சீடர் வினோபா பாவேயிடம் 80 ஏக்கர் கேட்டன. நிலக்கிழார் ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். அங்கே கிளம்பிய பூதான இயக்கத்துக்கு நாடெங்கும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் வந்து சேர்ந்தது. வந்ததில் பாறையும் களரும் வில்லங்கமும் நிறைய. உழுகிறவன் கைக்குப் போகாமலே நின்றுவிட்ட நிலமும் நிறைய. இதை வைத்து, மனிதன் கொடுக்கமாட்டான் என்று முடிவுகட்டுவது தவறு. கொடுக்கத்தான் செய்தான். கொடுத்ததைக் காக்க ஊருக்குள் ஆள் இல்லை.

இதைவிடக் கசப்பான சாட்சி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை ஒட்டி, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒப்படைக்கப்பட்டது. 10 ஆண்டுகள் விற்கக்கூடாது, அடகு வைக்கக்கூடாது. அதன்பிறகும் அந்த மக்களுக்குள்ளேதான் கைமாறலாம் என்பது நிபந்தனை. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் சாவி தாலுகா ஆபீசில் தொங்கியது. ஒற்றைக் குடும்பம் பண்ணையாரிடம் தனியாக மாட்டிக்கொண்டபோது, நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் போய்விட்டது. விற்பனைத் தடை மட்டும் போதாது, அதைக் காவல்காக்க அந்த ஊரிலேயே உயிருள்ள ஒரு சபை வேண்டும் என்பதே என் வாதம்.

ஊரே சேர்ந்து நிலத்தை ஊர்ப் பொறுப்பில் விடும் கிராமதானம் அந்தத் திசையில் வைத்த அடி. 1952இல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமம் அதைத் தொடங்கியது. 1960களின் நடுவில் வந்த 'சுலப கிராமதான'த்தின் ஏற்பாட்டைக் கவனியுங்கள். நில உரிமை கிராம சபையின் பெயருக்குப் போகும். 20இல் ஒரு பங்கு நிலமற்றவருக்கு. மிச்சத்தை முன்போலவே அவரவர் உழலாம், பிள்ளைகளுக்கும் விடலாம். வெளியாருக்கு மட்டும் விற்க முடியாது. 20இல் ஒரு பங்கு என்றால் தஞ்சாவூர்க்காரருக்குக் கணக்கு போட்டுக் காட்ட வேண்டியதில்லை: வேலிக்கு ஒரு மா. அதைக் கொடுப்பதால் யாரும் ஆண்டியாகிவிடமாட்டார்கள்.

சொந்தமில்லாத மண்ணில் எவன் பாடுபடுவான் என்று கேட்கிறார்கள். டெல்டாவில் குத்தகைக்கு உழுகிறவன் யார் மண்ணில் பாடுபடுகிறான்? அவனை அரிப்பது பட்டா இல்லையே என்பதைவிட, அடுத்த போகத்துக்கு இந்த வயல் இருக்குமா என்ற பயம். கிராமதானம் அந்தப் பயத்தைத்தான் எடுக்கிறது.

பட்டா இல்லாமல் பாங்கில் கடன் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி இன்னும் கனமானது. மண்ணை நம்பிக் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். கிராமதானத்தால் தூண்டப்பட்டு, 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின மக்கள் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அறக்கட்டளையை அமைத்தார்கள். ஏறக்குறைய 5,700 ஏக்கர். வறட்சி வந்தது, அரசுக் கடன் அலுவலகம் நிறவெறியோடு கடனை இழுத்தடித்தது, 1985இல் நிலம் ஏலத்தில் போனது. அறக்கட்டளை என்ற பெயர் கடன்காரனைத் தடுக்கவில்லை. ஆகவே கடன் பயிரின் பேரில் வாங்கப்பட வேண்டும், கூட்டுறவுச் சங்கம் வழியாக. மண்ணை ஒருபோதும் ஈடு வைக்கக்கூடாது. இந்த இடத்தில் சறுக்கினால் மற்றதெல்லாம் வெறும் பேச்சு.

கடைசி ஆட்சேபம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. ஊர் என்றால் யார்? தஞ்சைப் பகுதியில் கரையீடு என்ற ஒரு முறை இருந்தது. வயல்களை மிராசுதாரர்கள் தங்களுக்குள் சுற்றி மாற்றிக்கொண்டார்கள். பொதுவுடைமை மாதிரித்தான் தெரியும். சேற்றில் இறங்கியவனுக்கு அதில் ஒரு குழி கிடையாது. கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த வெண்மணியின் பாதிப்பில் கீழத்தஞ்சைக்கு வந்த சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாள்–ஜெகந்நாதன், 1981இல் உழுபவருக்கு நிலம் பெற்றுத்தரும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலத்தை ஊர் பெயரில் எழுதவில்லை; நிலமற்ற பெண்களின் பெயரில் எழுதினார்கள். கிராமதானத்துக்காக ஆயுளைக் கொடுத்தவர்களே அப்படிச் செய்தார்கள் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் நிலமற்றவருக்குப் பங்கு, பெண் பெயரில், அதன்பிறகே பூட்டு. மகாராஷ்டிரத்தின் மேண்டா-லேகா 2013இல் தன் நிலத்தைக் கிராமதானமாக்கியது; அங்கே எல்லா முடிவையும் ஒருமனதாகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அது கோண்டுப் பழங்குடி மக்களின் ஊர். பல சாதி வாழும் ஊரில் 'ஒருமனதாக' என்றால் பெரியவீட்டு மனம் என்று அர்த்தமாகிவிடும். நம் சபைகளில் பாதி இடம் பெண்களுக்கும் விவசாயக் கூலிகளுக்கும் சட்டப்படி ஒதுக்கப்படாமல், ஒரு சென்ட் நிலமும் அவற்றின் பெயருக்கு மாறக்கூடாது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு எல்லோரும் வாருங்கள். நம் ஊரில் எது பஞ்சமி நிலம், எது பூதான நிலம், இன்று அதை யார் உழுகிறார்கள் என்று சர்வே எண்ணோடு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள்.