புது அறையின் சீலிங்கில் விரிசலா?

வீட்டோடு சேர்த்துப் புதிதாக ஓர் அறை எடுத்துக் கட்டி, மேலே ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருப்பீர்கள். சில மாதத்தில் நேர்கோடாக ஒரு விரிசல், நடுவே லேசான தொய்வு. "பட்டி பூசினா சரியாயிடும் சார்" என்பார் காண்டிராக்டர். சம்மதிக்காதீர்கள்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும். போர்டுகள் சேரும் இடத்தில் விரிசல் நேராக ஓடினால், பெரும்பாலும் ஜாயின்ட் டேப் ஒட்டாமல் வெறும் பட்டியை அப்பியிருப்பார்கள். சுரண்டி எடுத்து, டேப் வைத்துப் பூசச் சொல்லுங்கள்.

தொய்வு அப்படியல்ல. வழக்கமான 12.5 மில்லிமீட்டர் போர்டைத் தாங்கும் இரும்புச் சட்டம் 45 சென்டிமீட்டருக்கு ஒன்று வர வேண்டும். காசு மிச்சம் பிடிக்க இடைவெளியைக் கூட்டியிருந்தால், போர்டைக் கழற்றிச் சட்டம் சேர்ப்பதுதான் வழி.

ஸ்க்ரூவையும் கவனியுங்கள். போர்டின் பலம் பெரிதும் அதன்மேல் ஒட்டிய காகிதத்தில் இருக்கிறது. அதிகமாக முறுக்கிக் காகிதம் கிழிந்துவிட்டால் உள்ளே இருக்கும் ஜிப்சத்தில் பிடிப்பு கிடையாது. பக்கத்திலேயே இன்னொரு ஸ்க்ரூ அடிக்க வேண்டும்.

பழுப்பு வட்டம் தெரிந்தால், முதலில் மேல்தளத்துக் கசிவை அடையுங்கள். நனைந்து தொங்கிய போர்டு தேறாது, மாற்றியே ஆக வேண்டும்.

இத்தனையையும் போட்டோ எடுத்து, எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வேலை முடியும்வரை கடைசித் தவணை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.