மலையேறிய மாணவர்

(ஏற்காட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இம்மலைக்கு வருவோர் ஏரியிலே படகு விடுகிறார்கள். காப்பித் தோட்டங்களைக் காண்கிறார்கள். சேர்வராயன் குகைக் கோயிலுக்குள் குனிந்து சென்று நிமிர்ந்து வருகிறார்கள். வரட்டும், மகிழட்டும்! ஆனால், 1882-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இதே ஏற்காட்டில் கண்மூடிய ஒரு தாத்தாவைப் பற்றிக் கேட்பார் எவருமில்லை. அவர் பெயர் பீட்டர் பெர்சிவல்.

'வெள்ளைக்காரப் பாதிரியையா தாத்தா என்கிறாய்? நம் மக்களை மதம் மாற்ற வந்தவரல்லவா?' என்று முகம் சுளிப்பீர்கள். ஆம், அதற்குத்தான் வந்தார், மறைப்பானேன்! 1826-இல், இருபத்து மூன்று வயதில், யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். இடையில் கல்கத்தா, மீண்டும் யாழ்ப்பாணம், பிறகு சென்னை. போதிக்க வந்தவர் போகப் போகப் பாடம் கேட்பவரானார். அதைச் சொல்லவே இந்த மேடையேறினேன்.

விவிலியத்தைத் தமிழாக்க முனைந்தபோது அவருக்குத் துணையிருந்தவர் யார் தெரியுமோ? சைவத்துக்காகவே வாழ்ந்த ஆறுமுக நாவலர்! ஒருவர் நெற்றியில் திருநீறு, மற்றவர் கையில் சிலுவை. இருவருக்கும் நடுவே தமிழ். அந்த மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1848-இல், நாவலர் தம் வழியே சென்றுவிட்டார். நூலுக்காவது வரவேற்பு கிடைத்ததா? தமிழகத்துப் பாதிரிமார் பலர், 'நடை மிக உயர்ந்துவிட்டது, எளியோர்க்கு எட்டாது' என்று ஒதுக்கினார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்த உழைப்பு! நாடகம் எழுதுபவன் நான். முதற்காட்சியிலேயே கொட்டகை காலியானால் எப்படியிருக்கும் என்பதை நன்கறிவேன்.

மனிதர் ஓய்ந்தாரில்லை. சென்னையில் 1855-இல் 'தினவர்த்தமானி' இதழைத் தொடங்கினார். அதில் பணியாற்ற யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையை வரவழைத்தார். கரையான் தின்ற ஏடுகளிலிருந்து கலித்தொகையை மீட்டு 1887-இல் அச்சேற்றினாரே, அதே தாமோதரம் பிள்ளைதான்! மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார் பெர்சிவல். அறுபதை நெருங்கும் வயதில் தெலுங்குக்கும் அகராதி செய்தார்.

எல்லாவற்றினும் என்னைக் கவர்ந்தது ஒன்றுண்டு. 1842-இல் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கினார். இரண்டாயிரத்தைக்கூட எட்டாத திரட்டு அது. அத்துடன் மூடி வைத்திருக்கலாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1874-இல், அது ஆறாயிரத்தைத் தாண்டி வெளிவந்தது! அப்போது அவருக்கு வயது எழுபது. பேராசிரியர் பட்டம் பெற்றவருக்குப் பழமொழி எங்கே கிடைக்கும்? களத்து மேட்டில், கிணற்றடியில், அடுப்படியில் புழங்கும் சரக்கல்லவா அது!

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். விட்டதற்குக் காரணம் ஆயிரம் சொல்வேன். அந்தக் கதை இங்கு வேண்டாம். பட்டமில்லாதவன் என்ற குறையைப் பழமொழியால் மறைத்தவன். மேடையிலே ஒன்றை எடுத்து வீசினால் கைதட்டல் வானைப் பிளக்கும். அத்தனையும் என் பாட்டி சொன்னவை. அவரருகே அமர்ந்து, 'ஆத்தா, இன்னொன்று சொல்' என்று ஒரு நாளேனும் எழுதியிருப்பேனா? இல்லை! அவர் போய் ஒன்பதாண்டுகள் ஆகின்றன. நினைவில் நின்றவை நாற்பதோ ஐம்பதோ. மற்றவை அவருடனே எரிந்தன.

பெர்சிவலின் மகளை 1862-இல் மணந்தவர் இராபர்ட் புரூசு பூட், நிலவியல் ஆய்வாளர். மறு ஆண்டு மே 30-ஆம் நாள், பல்லாவரத்துச் செம்மண்ணிலே கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அவரேதான்! அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் அவரும் துணைவர் கிங்கும் கண்டெடுத்தார்கள். அந்த இடத்தின் கற்கருவிகள் பதினைந்து இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மாமனார் சொல்லைப் பொறுக்கினார், மருமகன் கல்லைப் பொறுக்கினார். பேரன் என்றியும் விடவில்லை. பீரங்கிப் படை அதிகாரியான அவர் தந்தையுடன் கர்னூல் பகுதியின் பில்லாசுரங்கம் குகைகளை அகழ்ந்து ஆய்ந்தார். பூட்டும் இந்த மலையைத்தான் வீடாகக் கொண்டார். 1912-இல் கல்கத்தாவில் இறந்தார். அவர் சாம்பல் இங்கே கொண்டுவரப்பட்டது.

இம்மலையிலும் மெருகேற்றிய கற்கோடரிகள் கிடைத்துள்ளன. கோடரிகளைப் பொறுக்கிக் காட்சிச்சாலையில் அடுக்க முடிந்தது. இம்மலையில் வாழும் மலையாளி மக்களின் கிழவிகள் பேசும் சொல்லை எந்தப் பெட்டியில் அடுக்குவது?

நேரமாகிவிட்டது, பனியும் இறங்குகிறது. இளைஞர்கள் போகலாம். முன்வரிசையிலே போர்வை போர்த்தி அமர்ந்திருக்கும் பாட்டிமார் மட்டும் சற்றே இருங்கள். சேலத்தில் வாங்கிய நோட்டுப் புத்தகமொன்று என் பையில் இருக்கிறது. முதற்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.